விபச்சாரம் ஏன் சட்டவிரோதம்? - நாலாவது பிரிவும் என் நண்பனும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, சீரியஸான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்கோங்க :)

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல டிவி ஓடிட்டு இருந்துச்சு. எங்கயோ ரெய்டு. துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டு நாலு பெண்கள் வேன்ல ஏறுறாங்க. கேமராக்காரர் விடாம ஜூம் பண்றார். அதே வீட்டுல இருந்த ஆண்கள்ல ஒருத்தரைக்கூட காட்டல, அவங்கல்லாம் காத்தோட கரைஞ்சுட்டாங்க போல.

எங்க டீம்ல ஒருத்தர் சாம்பார் சாதத்தை பிசைஞ்சுகிட்டே தீர்ப்பு சொன்னார். "பேசாம நெதர்லாந்து மாதிரி லீகல் ஆக்கிடணும் பாஸ். நாட்டுல பாதி ரேப் குறையும்." எதிர்ல இருந்தவருக்கு கோபம் வந்துருச்சு. "நம்ம கலாச்சாரம் என்ன ஆகறது?" அப்புறம் என்ன, அரை மணி நேரம் அனல் பறந்துச்சு. கடைசில ரெண்டு பேரும் மீட்டிங் இருக்குன்னு எழுந்து போயிட்டாங்க. வழக்கமா இந்த மாதிரி விவாதத்துல முதல் ஆளா மூக்கை நுழைக்கிற நான் அன்னிக்கு வாயைத் திறக்கல. எனக்கு என் நண்பன் ஞாபகம் வந்துருச்சு.

அவன் பேர் வேண்டாம். ஊர் பேரும் வேண்டாம். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்ச். அவங்க அம்மா கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவுற வேலை பாத்தாங்க. முகூர்த்தம் இல்லாத மாசத்துல வேற வேலை. அது எங்க தெரு முழுக்க தெரியும், எனக்குத்தான் பதினொண்ணாவது படிக்கும்போது தெரிஞ்சது. எங்க அம்மா "அவன்கூட சேராத"ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. "அவங்க வீட்டுக்கு மட்டும் போகாத"ன்னு சொல்லுவாங்க. ஒரே ஒரு தடவை போயிருக்கேன், நோட்டு வாங்க. "தம்பி, டீ போடட்டுமா?"ன்னு கேட்டாங்க. வயிறு சரியில்லன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். பதினாறு வயசுல செஞ்சது. இன்னும் உறுத்துது.

அவன் நல்லா படிச்சான். முதல் பட்டதாரி சலுகை இருந்ததால டியூஷன் ஃபீஸ் பெரும்பாலும் பிரச்சனை இல்ல. ஆனா ஹாஸ்டல், மெஸ், புத்தகம்னு மத்ததெல்லாம் அம்மா காசு. ரெண்டாவது வருஷ லீவுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தப்ப ஏட்டு ஒருத்தர் வீட்டு வாசல்ல வந்து நின்னார். மாசா மாசம் வர்றவர்தான். அன்னிக்கு இவனைப் பாத்து கேட்டிருக்கார். "உனக்கு பதினெட்டு ஆயிடுச்சுல்ல? அம்மா சம்பாத்தியத்துல தின்னுட்டு காலேஜ் போற. உன்னையும் சேர்த்து உள்ள வைக்கலாம், தெரியுமா?" வழக்கமா வாங்குற தொகையை விட அன்னிக்கு ஐநூறு ரூபாய் அதிகமா வாங்கிட்டுப் போனாராம்.

சும்மா மிரட்டுறதுக்காக சொன்னதுன்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம். கேன்டீன் விவாதம் நடந்த அன்னிக்கு ராத்திரி சட்டத்தை எடுத்து உக்காந்து படிச்சேன். ஏட்டு சொன்னது பொய் இல்லீங்க!

அந்த சட்டத்தோட பேரு விபச்சாரத் தடுப்புச் சட்டம், 1956. முதல்ல பெண்கள், சிறுமியர்னு மட்டும் பேசுச்சு. 1986ல திருத்தி யாருக்கும் பொருந்துற மாதிரி பேரையும் மாத்தினாங்க. இதுல நாலாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பதினெட்டு வயசு தாண்டின எவரும் இன்னொருத்தரோட விபச்சார வருமானத்துல தெரிஞ்சே முழுசாவோ பகுதியாவோ வாழ்ந்தா, ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அடுத்த வரி இன்னும் மோசம். அந்தத் தொழில் செய்யுற ஒருத்தர்கூட குடியிருந்தாலே, இல்ல எப்பவும் கூடவே இருந்தாலே, அவர் வருமானத்துலதான் வாழுறார்னு நீதிமன்றம் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது இவர் பொறுப்பு.

இது எழுதப்பட்டது தரகனுக்கும் மாமாவுக்கும். புரியுது. ஆனா எழுதினபடி பாத்தா அம்மாகூட ஒரே வீட்டுல இருக்குற காலேஜ் பையனும் அதே கண்டிஷன்ல மாட்டுறான். நம்ம கோட்ல ஒரு இஃப் கண்டிஷனை இப்படி எழுதியிருந்தா ரிவ்யூல கிழிச்சிருப்பாங்க.

சரி, இப்படி ஒரு சட்டம் எப்படி வந்துச்சு? உலகத்துல இத்தனை நாடுகள் இதை ஏன் குற்றம்னு சொல்லுது? தேடித் தேடி படிச்சேன்.

"பாவம், அதான் சட்டவிரோதம்"ங்கறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணுற பதில். திருக்குறள்ல வரைவின் மகளிர்னு ஒரு முழு அதிகாரமே இருக்கு. அதுக்கு அடுத்து கள்ளுண்ணாமை, அதுக்கு அடுத்து சூது. மூணும் வரிசையா. இப்ப பாருங்க, நடுவுல இருக்குறதை 2003ல இருந்து நம்ம அரசாங்கமே கடை போட்டு விக்குது. அதே வருஷம் லாட்டரிக்கு தடை. ஆக பாவம்ங்கறது மட்டும் காரணம்னா மூணுக்கும் ஒரே சட்டம் இருக்கணும், இல்லையே. ஒழுக்கம் ஒரு சட்டத்துக்கு ஓட்டு வாங்கித் தரும், ஆனா சட்டத்தை எழுத வேற ஏதோ ஒண்ணு தேவைப்படுது.

வெள்ளைக்காரனைப் பொறுத்தவரை அந்த வேற ஏதோ ஒண்ணு அவனோட சிப்பாயோட உடம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் அரசு விபச்சாரத்தை தடை பண்ணல, மேனேஜ் பண்ணுச்சு. பட்டாளத்துல பாதி பேர் மேகநோயில படுத்துட்டா யார் சண்டை போடறது? அதனால 1864ல இங்கிலாந்துல ஒரு தொற்றுநோய்ச் சட்டம். 1868ல அதே மாதிரி இந்தியாவுக்கும் ஒண்ணு. பெண்களை போலீஸ் பதிவு பண்ணும், கட்டாயமா உடம்பை சோதிக்கும், நோய் இருந்தா பூட்டி வைக்கிற ஆஸ்பத்திரியில போடும். அவங்ககிட்ட போன சிப்பாய்க்கு இந்தப் பதிவும் பூட்டும் கிடையாது. ஒரு தொத்து நோய்க்கு ரெண்டு பேர்ல ஒருத்தரை மட்டும் சோதிக்கிற மருத்துவம்!

இதை எதிர்த்து ஜோசஃபின் பட்லர்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா போராடினாங்க. இங்கிலாந்துல 1886லயும் இந்தியாவுல 1888லயும் அந்த சட்டங்கள் போச்சு. அந்தம்மா கேட்டது பெண்கள் மேல நடக்குற போலீஸ் அராஜகத்தை நிறுத்தச் சொல்லித்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே நேரத்துல, 1885ல, லண்டன்ல டபிள்யூ. டி. ஸ்டெட்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். ஊர்ல சின்னப் பொண்ணுங்களை விலைக்கு வாங்க முடியுதுன்னு நிரூபிக்க, அவரே ஆள் வச்சு பதிமூணு வயசுப் பொண்ணு ஒண்ணை அஞ்சு பவுனுக்கு வாங்கிக் காட்டி தொடர் கட்டுரை எழுதினார். ஊரே கொதிச்சுப் போச்சு. அதே வருஷம் சட்டம் வந்து சம்மத வயசு பதிமூணுல இருந்து பதினாறாச்சு, விடுதிகளை ஒடுக்க போலீசுக்கு அதிகாரமும் வந்துச்சு. அந்தப் பொண்ணை கூட்டிட்டுப் போன முறைக்காக ஸ்டெட் மூணு மாசம் ஜெயிலுக்கும் போனார், அது தனிக்கதை.

என்னைக் கேட்டா இன்னிக்கு இருக்குற பெரும்பாலான சட்டங்களோட விதை இங்கதான் இருக்கு. குழந்தைகளை விக்கிறான், ஏமாத்தி கூட்டிட்டுப் போறான், அடிச்சு வேலை வாங்குறான். இதைப் பாத்து கொதிச்சு எழுதின சட்டம். கொதிப்பு நியாயமானது. அமெரிக்காவுல 1910ல மேன் சட்டம் வந்தது இதே கொதிப்புல. பிரான்ஸ் 1946ல விடுதிகளை இழுத்து மூடுச்சு. 1949ல ஐ.நா. ஒரு ஒப்பந்தம் போட்டு, ஆள்கடத்தலையும் அடுத்தவரோட விபச்சாரத்துல லாபம் பாக்குறதையும் ஒழிக்கணும்னு சொல்லுச்சு. 1950 மே மாசம் இந்தியா அதுல கையெழுத்து போட்டுச்சு. அந்தக் கையெழுத்தைக் காப்பாத்தத்தான் நம்ம 1956 சட்டம்.

நம்ம மெட்ராஸ் மாகாணத்துல அதுக்கும் முன்னாடியே 1930ல ஒரு தடைச் சட்டம் இருந்துச்சு. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை எதிர்த்து சட்டமன்றத்துல போராடினது எல்லாருக்கும் தெரியும், 1947ல அந்த ஒழிப்புச் சட்டமும் வந்துச்சு. விவரம் தெரியாத வயசுல பொட்டு கட்டுறதை நிறுத்தினது சரின்னுதான் இன்னிக்கும் சொல்லுவேன். இந்த விஷயத்துல "கலாச்சாரம் போச்சே"ன்னு அழறவங்களோட எனக்கு ஒட்டாது.

இப்ப நம்ம சட்டத்தை மறுபடி பாருங்க. ஒரு வயசு வந்த பெண் தன் இஷ்டத்துக்கு தனியா இந்தத் தொழில் செய்யுறதை அது எங்கயும் நேரடியா குற்றம்னு சொல்லல. விடுதி நடத்தறது குற்றம். ஆள் பிடிச்சுத் தர்றது குற்றம். கோயில், பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல இருந்து இருநூறு மீட்டருக்குள்ள செஞ்சா குற்றம் (நம்ம ஊர்ல இருநூறு மீட்டருக்குள்ள கோயில் இல்லாத இடத்தை எனக்கு காட்டுங்க). பொது இடத்துல நின்னு அழைச்சா குற்றம், ஆறு மாசம் வரைக்கும் சிறை இல்ல ஐநூறு ரூபாய் வரைக்கும் அபராதம். இன்னொருத்தர்கூட சேர்ந்து வீடு எடுத்தா விடுதி. தெருவுல நின்னா அழைப்பு. மகன்கூட இருந்தா மகன் குற்றவாளி. தொழில் குற்றமில்ல, ஆனா அதைச் செய்ய பூமியில ஒரு இடமும் இல்ல.

கடத்தல்காரனுக்காக நெய்த வலை. கடத்தல்காரன் கையில பணம் இருக்கு, வக்கீல் இருக்கு. தெருவுல நிக்கிறவங்க கையில என்ன இருக்கு? மாசக் கடைசில ஸ்டேஷனுக்கு கேஸ் கணக்கு காட்டணும்னா எது சுலபம்?

இதுல நோய்க்கதை மறுபடியும் வருது, அதுவும் சென்னையில. 1986ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி டாக்டர் நிர்மலாவும் எய்ட்ஸ் பத்தி ஆய்வு பண்ணாங்க. பாலியல் தொழில் செய்யுற பெண்களோட ரத்த மாதிரி வேணும், எங்க போய் தேடறது? மயிலாப்பூர்ல, பிடிபட்ட பெண்களை அடைச்சு வைக்கிற அரசு விடுதி ஒண்ணு இருந்துச்சு. அங்க எடுத்த ரத்தத்தை ரயில்ல வேலூருக்கு கொண்டு போய் சோதிச்சாங்க. ஆறு பேருக்கு இருந்துச்சு. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல தெரிய வந்தது அப்படித்தான். அவங்களுக்கு அதைக் கொடுத்தவங்க வெளியில சுதந்திரமா இருந்தாங்க. 1868க்கும் 1986க்கும் நடுவுல நூறு வருஷத்துக்கு மேல போயிருக்கு, பூட்டுக்குள்ள இருந்தது அதே ஆளுங்கதான்.

இதோட இன்னொரு கொடுமை, ரெய்டுல ஆணுறை கிடைச்சா அதையே ஆதாரமா எடுத்துக்குற பழக்கம். ஒரு பக்கம் சுகாதாரத் துறை ஆணுறை கொடுக்கும், இன்னொரு பக்கம் போலீஸ் அதை எடுத்து மேஜையில வைக்கும். 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்குல இதை நிறுத்தச் சொல்லுச்சு. ஆணுறை வச்சிருக்குறதை குற்றத்துக்கு ஆதாரமா காட்டக் கூடாது, போலீஸ் இவங்களை கண்ணியமா நடத்தணும், விருப்பத்துக்கு மாறா விடுதிகள்ல வச்சிருக்குற வயசு வந்த பெண்களை கணக்கெடுத்து விடுவிக்க வழி பாக்கணும்னு உத்தரவு. ஆரம்பத்துல அது 1999ல கொல்கத்தாவுல ஒரு பாலியல் தொழிலாளியை அடிச்சுக் கொன்ன கேஸ். கொன்னவனோட அப்பீலை தள்ளுபடி பண்ணின நீதிபதிகள் அதோட ஃபைலை மூடாம, இந்தப் பெண்களோட வாழ்க்கைக்கு என்ன செய்யலாம்னு 2011ல தொடங்கினது.

சரி, கேன்டீன் நண்பர் சொன்ன நெதர்லாந்துக்கு வருவோம். அங்க 2000ல விடுதித் தடையை எடுத்தாங்க. ஜெர்மனி 2002ல. லைசென்ஸ், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா லைசென்ஸ்னு ஒண்ணு வந்ததும் லைசென்ஸ் இல்லாதவங்கன்னு ஒரு கூட்டம் உருவாகும்ல? விசா இல்லாம வந்தவங்க, தரகன் பாஸ்போர்ட்டை புடுங்கி வச்சிருக்குறவங்க எல்லாம் அந்தக் கூட்டத்துல. ஆம்ஸ்டர்டாம் நகராட்சியே 2007ல இருந்து, குற்றக் கும்பல் ஊடுருவிருச்சுன்னு சொல்லி அந்த ஜன்னல்கள்ல கணிசமானதை மூட ஆரம்பிச்சுது. ஸ்வீடன் நேர் எதிர். 1999ல வாங்குறவனை மட்டும் குற்றவாளி ஆக்கினாங்க, விக்கிறவங்களை விட்டுட்டாங்க. நார்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ் எல்லாம் பின்னாடியே போச்சு. கேன்டீன்ல இதை சொல்லியிருந்தா சாம்பார் சாதம் தொண்டையில நின்னிருக்கும் :)

நியூசிலாந்து 2003ல மூணாவது வழி. மத்த தொழில் மாதிரியே இதுவும்னு சட்டம் போட்டாங்க, 60க்கு 59 ஓட்டுல ஜெயிச்சுது. ஒரே ஒரு ஓட்டு! ஒரு நாட்டுக்கே இதுல மனசு ரெண்டா பிரிஞ்சு கிடக்குன்னு அர்த்தம். அங்கயும் தற்காலிக விசாவுல வந்தவங்க இந்தத் தொழில் செய்ய அனுமதி இல்ல. விளிம்புல இருக்குறவங்க அங்கயும் விளிம்புலதான்.

அப்புறம் அந்த "ரேப் குறையும்" வாதம். சும்மா சொல்லக்கூடாது, அதுக்கு ஆய்வு இருக்கு. அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல சட்டத்துல இருந்த ஒரு ஓட்டையால 2009 வரைக்கும் சில வருஷம் வீட்டுக்குள்ள நடக்குற தொழில் குற்றமில்லாம இருந்துச்சு. அந்தக் காலத்துல பதிவான பாலியல் வன்முறைப் புகார்கள் சுமார் 30 சதவீதம் குறைஞ்சதா ரெண்டு பொருளாதார நிபுணர்கள் கணக்கு போட்டாங்க. மேகநோயும் குறைஞ்சுது. இருக்கட்டும். ஆனா நம்ம ஆள் அதைச் சொல்ற தொனிதான் எனக்கு எரிச்சல். நம்ம வீட்டுப் பொண்ணுங்க பத்திரமா இருக்கணும், அதுக்கு யாரோ வீட்டுப் பொண்ணுங்க அங்க இருக்கட்டும்ங்கற தொனி. அந்த யாரோ வீடு எது? நான் டீ குடிக்காம ஓடி வந்த வீடு.

என் கருத்தை சொல்லிடறேன், திட்டறவங்க திட்டிக்கலாம். கடத்துறவன், குழந்தைகளை விக்கிறவன், அடிச்சு வேலை வாங்குறவன், இவங்களுக்கு இருக்குற தண்டனை போதாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா தெருவுல நின்னதுக்காக அந்தப் பெண்ணுக்கு அபராதம்ங்கறது அசிங்கம். அந்த ஐநூறு ரூபாயை கட்ட அவங்க என்ன பண்ணுவாங்க? மறுநாள் அதே இடத்துல நிப்பாங்க. அரசாங்கமும் அவங்க வருமானத்துல பங்கு வாங்கிடுச்சு. நாலாவது பிரிவை எழுதினபடி பாத்தா யார் மேல கேஸ் போடணும், யோசிச்சுப் பாருங்க. வாங்குறவனை தண்டிக்கலாமாங்கறதுல எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்ல. ஸ்வீடன் பாதி நியாயமா தெரியுது. ஆனா நம்ம ஊர் ஏட்டு கையில அந்த சட்டத்தையும் கொடுத்தா மாமூல் ரெண்டு பக்கமும் வாங்குவார், அவ்வளவுதான்.

இதெல்லாம் தேர்வு பண்ணி செய்யுற தொழிலான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். அந்தம்மா மண்டபத்துல ஒரு நாள் முழுக்க அண்டா கழுவி வாங்கின கூலி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், மெஸ் பில் எவ்வளவுன்னும் தெரியும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அது கட்டாயமா விருப்பமான்னு கேக்கவே கூச்சமா இருக்கு. யாரும் கடத்தல. யாரும் அடிக்கல. மகனுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட கடைசி தேதி இருந்துச்சு.

இதை எழுதறதுக்கு முன்னாடி அவன்கிட்ட போன்ல அனுமதி கேட்டேன். இப்ப வேற ஊர்ல வேலை பாக்குறான், அம்மாவும் அவன்கூடதான் இருக்காங்க. நாலாவது பிரிவை படிச்சுக் காட்டினேன். ரெண்டாவது வரி வரைக்கும் பேசாம கேட்டுட்டு இருந்தான்.

"அப்ப அந்த ஏட்டு சும்மா சொல்லலையாடா?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சான். "ஹாஸ்டல் ரசீதெல்லாம் அம்மா இன்னும் பீரோல அடுக்கி வச்சிருக்கு. எட்டு செமஸ்டரும். தூக்கிப் போட்டுடவா?"

"வேண்டாம், இருக்கட்டும்"னேன்.